அரியணைக்கு யார்? – 11: மருமகன் ஆண்ட நாடு

ஷாஜகானின் நான்கு மகன்கள் ஒருவரையொருவர் வேட்டையாடிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதால் நால்வருக்கும் உரிமை இருந்தது. யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் சட்டம்தான் இல்லை. இந்த வாரம் நாம் போகும் நாட்டில் அரசருக்கு எத்தனை ஆண்பிள்ளைகள் பிறந்தாலும் அரியணைக்குப் போட்டி கிடையாது. அவர்களில் ஒருவருக்கும் அதில் பாத்தியதை இல்லை என்பதே காரணம்.

நம் பக்கமிருந்து போனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் தொடங்கிவிடும் நாடு அது. திருவிதாங்கூர்.

அரசர் இறந்தால் அவருடைய தம்பி பட்டத்துக்கு வருவார். தம்பி இல்லையென்றால், அக்காள் தங்கைகள் பெற்ற பிள்ளைகளில் வயதில் மூத்த ஆண் வருவான். வாரிசு ஓடுவது முழுக்கப் பெண்வழியில். நாயர்களிடமும், நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் சொத்து எப்படி இறங்கியதோ அதே மருமக்கத்தாயம்தான் அரண்மனையிலும். அதனால் அங்கே ராணி என்றால் அரசரின் மனைவி இல்லை. அரசரின் தாயோ சகோதரியோ மருமகளோதான் ராணி. அவர்களுக்கு ஆற்றிங்கல் ராணிகள் என்று பெயர். குடும்பத்துப் பெண்களில் வயதில் மூத்தவர் மூத்த ராணி, அடுத்தவர் இளைய ராணி. கிளிமானூர், சங்கனாசேரி முதலிய ஊர்களின் கோயில் தம்புரான் குடும்பங்களிலிருந்து அவர்களுக்கு மாப்பிள்ளை எடுத்தார்கள். நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவனைப் பெற்றெடுத்த அந்தத் தகப்பனுக்கு மரியாதை உண்டு, மானியம் உண்டு. அதிகாரம் மட்டும் கிடையாது.

அரசரின் மனைவி அம்மச்சி. நாயர் குடும்பத்துப் பெண்ணான அவருக்கென்று தனியாக அம்மவீடு இருந்தது. திருவனந்தபுரத்தின் பெரிய அம்மவீடுகள் நான்கின் பெயர்களைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. அந்தந்த ஊரிலிருந்து போன பெண்கள் அவர்கள். அவர்கள் வயிற்றில் அரசருக்குப் பிறந்த ஆண்களுக்குத் தம்பி என்றும் பெண்களுக்குத் தங்கச்சி என்றும் பட்டம் கிடைத்தது. நிலமும் பணமும் கிடைத்தன. தர்பாரில் அரசருக்குப் பக்கத்தில் உட்காரும் இடம் அம்மச்சிக்கு என்றைக்குமே கிடைக்கவில்லை. கணவர் இறந்த மறுநாள், அவருடைய பிள்ளைகள் வேறொருவரின் குடிமக்கள்.

இந்த ஏற்பாட்டை எல்லோரும் எப்போதும் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது நிலைபெற்றது ரத்தத்தில்தான். அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அன்று வேணாடு எனப்பட்ட இந்த நாட்டை 1720களில் ஆண்ட ராமவர்மா பலம் குறைந்த அரசர். நிலக்கிழார்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரும், பத்மநாபசுவாமி கோயில் சொத்தை நிர்வகித்த எட்டரை யோகமும்தான் உண்மையில் நாட்டை நடத்தினார்கள். அரசருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பப்புத் தம்பி, இளையவன் ராமன் தம்பி. பட்டத்துக்கு உரியவனோ அவருடைய மருமகன், 1706இல் பிறந்த மார்த்தாண்ட வர்மா. பிள்ளைமாருக்கு அவனைக் கண்டால் ஆகாது. சிறுவயதிலேயே அவர்களை அடக்கவேண்டும் என்று மாமனுக்கு யோசனை சொன்னவன் அவன். ஊர் ஊராக வேஷம் மாறி ஒளிந்து திரிந்த அவன், பலா மரப் பொந்தில் பதுங்கித் தப்பிய கதையை இன்றும் சொல்கிறார்கள்.

பெண்வழி மரபில் எதிரிகள் குறிவைக்கும் இடமே வேறு. மார்த்தாண்ட வர்மாவைக் கொன்றால் மட்டும் போதாது, அவனுக்கு அடுத்து வரவேண்டிய குழந்தையையும் அதன் தாயையும் சேர்த்து முடித்தால்தான் வழி அடைபடும். 1728இல் அதுதான் நடக்க இருந்தது. ராணியும் நான்கு வயதுச் சிறுவனும் கிளிமானூர்ப் பக்கமிருந்து பல்லக்கில் வருகிறார்கள் என்று தெரிந்து வழிமறிக்க ஆள் போனது. கூட வந்த கிளிமானூர் கேரளவர்மா கோயில் தம்புரானுக்குச் சேதி எட்டியது. தாயையும் பிள்ளையையும் வேறு வழியில் அனுப்பிவிட்டு, அவர் தாமே பல்லக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டார். திரை மூடிய பல்லக்கு கிளம்பியது. வழிமறித்தவர்களோடு வாளெடுத்துப் போராடிச் செத்தார். அந்தக் குழந்தைதான் பிற்பாடு தர்மராஜா என்று பெயர்பெற்று 1758 முதல் 1798 வரை நாற்பது ஆண்டு ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. 1753இல் கிளிமானூருக்கு வரி நீக்கி, தன்னாட்சி உரிமை கொடுத்து அந்த உயிர்க்கடனைத் தீர்த்தார்கள். ராணியை மணந்த குடும்பத்துக்கு அரியணையில் பங்கில்லை என்று மேலே சொன்னேன். பங்கில்லாத அரியணைக்காக உயிரைக் கொடுத்தவர் அந்தக் குடும்பத்துக்காரர்.

1729இல் ராமவர்மா இறந்தார். இருபத்துமூன்று வயது மருமகன் பட்டத்துக்கு வந்தான். தம்பிமார் ஒப்பவில்லை. தகப்பன் நாடு மகனுக்கு என்றார்கள். பிள்ளைமார் பின்னால் நின்றார்கள். திருச்சிராப்பள்ளி ஆட்சியாளர்களிடம் முறையீடு போனது. அழகப்ப முதலியார் என்பவர் படையோடு நாஞ்சில் நாட்டுக்கு வந்தார். அவர் வழக்கை விசாரித்து, மருமகன் வாரிசாவதே இந்நாட்டு வழக்கம் என்று சொல்லித் திரும்பினார் என எழுதுகிறார் சங்குண்ணி மேனன். கடைசியில் நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். மூத்தவன் காவலை மீறி உள்ளே நுழையப் பார்த்தான், இளையவன் வாளோடு அரசர்மேல் பாய்ந்தான் என்பது மேனன் தரும் விவரம். தொடர்ந்து பிள்ளைமார் பிடிபட்டார்கள், தூக்கிலிடப்பட்டார்கள், குடும்பங்களோடு துடைத்தெடுக்கப்பட்டார்கள்.

மேனனின் நூல் 1878இல் வந்தது. அவர் திருவிதாங்கூர் அரசின் திவான் பேஷ்கார். ஜெயித்த வீட்டின் உத்தியோகஸ்தர் எழுதிய கதை அது. சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891இல் வந்தபிறகு பப்புத் தம்பி நிரந்தர வில்லனாகிவிட்டான். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதமில்லை. கணவாய்க்கு இந்தப் பக்கம் மதுரையிலும் தஞ்சையிலும் மகன்தான் பட்டத்துக்கு வந்தான். அப்படிப்பட்ட அரசவைகளைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த ஒரு அரசகுமாரனுக்கு, ‘எனக்கு ஏன் இல்லை?’ என்ற கேள்வி எழாமல் எப்படி இருக்கும்? அவர்கள் சேர்ந்த கூட்டம் நாட்டைக் கூறுபோட நினைத்த கூட்டம் என்பது உண்மை. அவர்கள் கேட்ட கேள்வி அநியாயமானது என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தக் கேள்வி மறுபடி எழாதபடி மார்த்தாண்ட வர்மா பார்த்துக்கொண்டார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்து, வடக்கே கொச்சி எல்லை வரை நாட்டைப் பெருக்கிய அவர், 1750 ஜனவரியில் அந்த நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குத் தானமாக எழுதிவைத்தார். திருப்படித்தானம் என்ற அந்தச் சடங்கில் உடைவாளைச் சந்நிதிப் படியில் வைத்து, பத்மநாபதாசன் என்ற பெயரோடு திரும்ப எடுத்துக்கொண்டார். இதைப் பக்தி என்பார்கள், ராஜதந்திரம் என்பார்கள். வாரிசுச் சிக்கலின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு இன்னொன்று தெரிகிறது. நாடு சாமியின் சொத்து, அரசன் அதைப் பார்த்துக்கொள்கிற தாசன் என்றான பிறகு, தகப்பன் சொத்து என்று எந்த மகன் வந்து கேட்க முடியும்?

ஆண்களின் சண்டை அத்தோடு ஓய்ந்தது. அடுத்து வந்த இருநூறு ஆண்டுகளும் அந்த அரண்மனையை ஆட்டிவைத்தது வேறொரு பயம். பெண்குழந்தை இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். மற்ற ராஜ்யங்களில் ஆண்வாரிசு இல்லையே என்று யாகம் செய்வார்கள். இங்கே பெண்ணுக்காகத் தவம் கிடந்தார்கள். அரசர்கள் மூன்று நான்கு பேர் உயிரோடு இருந்தாலும், கருத்தரிக்கும் வயதில் ஒரு ராணி இல்லையென்றால் அந்த வம்சம் அந்தத் தலைமுறையோடு முடிந்தது. அதற்குக் கண்டுபிடித்த மாற்று, தத்து. தத்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சகோதரிகளான இரண்டு சிறுமிகள். வடக்கே கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்து எடுப்பது பழைய வழக்கம். மார்த்தாண்ட வர்மாவின் தாயே அப்படித் தத்து வந்தவர்தான். மைசூர்ப் படையெடுப்பில் கோலத்துநாட்டார் தெற்கே தஞ்சம் புகுந்து, அவர்களில் ஒரு கிளை மாவேலிக்கரையில் குடியமர்ந்தது. பிறகு தத்து என்றால் மாவேலிக்கரை என்றாயிற்று.

1810இல் வந்தது அதற்கு நேர்மாறான இக்கட்டு. பாலராம வர்மா இருபத்தெட்டு வயதில் இறந்தபோது நேர்வழியில் ஓர் ஆண் இல்லை. கேரளவர்மா என்ற இளவரசர் உரிமை கேட்டார். முந்தின ஆண்டுதான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்கியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, யார் வரவேண்டும் என்று சொல்லும் இடத்தில் இருந்தது. அதன் ரெசிடென்ட் கர்னல் மன்றோ, கேரளவர்மாவின் கோரிக்கை குலவழக்கத்துக்கு ஒத்துவராது என்று தள்ளினார். அந்த இளவரசரைத் தலைச்சேரிக்கும் பிறகு நம் செங்கல்பட்டுக்கும் அனுப்பிக் காவலில் வைத்தார்கள். அரியணையில் உட்கார்ந்தவர் கௌரி லட்சுமி பாய். வயது இருபதுகூட நிறையவில்லை. கையில் ஒரு பெண்குழந்தை.

அவர் அரசியாக உட்கார்ந்தது, இனி ஒரு மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையின்மேல். 1813 ஏப்ரலில் பிறந்தான். கருவிலேயே அரசன் என்ற பொருளில் கர்ப்பஸ்ரீமான் என்று அவனை அழைத்தார்கள். சுவாதித் திருநாள். சில மாதக் குழந்தையைத் தர்பாருக்கு எடுத்துவந்து, கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைப்பதாகத் தாய் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். அவனைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி இயற்றிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்ற தாலாட்டை இன்றைக்கும் பாடுகிறார்கள். அந்த இரயிம்மன் தம்பி தர்மராஜாவின் தம்பியுடைய மகள் பெற்ற பிள்ளை. அம்மவீட்டில் பிறந்தவர். வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் இளவரசர் வரிசையில் எங்கேயாவது நின்றிருக்கக்கூடிய மனிதர், பட்டத்துக்கு உரிய குழந்தைக்குத் தாலாட்டு எழுதினார். மனம் கசந்து எழுதியதாக அதில் ஒரு சாயலும் இல்லை.

லட்சுமி பாய் இன்னொரு மகனையும் பெற்று 1815இல் இறந்துபோனார். தங்கை கௌரி பார்வதி பாய், பதின்மூன்று வயதில் குழந்தை அரசனுக்காக ஆளும் ரீஜன்ட் ஆகி 1829 வரை ஆண்டார். அடிமை விற்பனையை நிறுத்தியது அக்காள். பள்ளிக்கல்விக்கு அரசுப் பணம் கொடுக்க 1817இல் உத்தரவிட்டது தங்கை. ஆளும் வயதில் ஆண்வாரிசு இல்லாத இடைவெளியில் மட்டும் ஆளக் கிடைத்த பெண்கள், கிடைத்த காலத்தை வீணாக்கவில்லை.

1857இல் பெண் இல்லையே என்ற அந்தப் பழைய பயம் நிஜமானது. பின்னாளில் மகாராஜாவான மூலம் திருநாள் பிறந்த சில நாளில் அவர் தாய் இறந்துபோக, குடும்பத்தில் பிள்ளைபெறும் வயதில் பெண்ணே இல்லை. மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். மூத்தவர் பரணித் திருநாள் லட்சுமி பாய். அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர், ‘மயூரசந்தேசம்’ எழுதிய கேரளவர்மா வலிய கோயில் தம்புரான், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் கோபத்துக்கு ஆளாகி 1875இல் சிறைவைக்கப்பட்டார். கணவரை விட்டு வேறு மணம் செய்ய மரபு இடம் கொடுத்தது. வாரிசு வேண்டிய அரண்மனைக்கும் அதுவே வசதி. லட்சுமி பாய் மறுத்துவிட்டார். ஐந்து வருடம் காத்திருந்தார். 1880இல் மகாராஜா இறந்த பிறகே கணவர் வெளியே வந்தார். தன் வயிற்றை நம்பி ஒரு நாடே நிற்கிறது என்று தெரிந்தும் தன் மனதுக்கு மட்டும் கட்டுப்பட்ட இந்தப் பெண்மணியை இந்தத் தொடரில் வரும் பல மாவீரர்களுக்கு மேலாகவே வைப்பேன்.

இளைய ராணி பெற்ற ஆண்மக்களில் எவரும் பட்டம் ஏறும் வரை இருக்கவில்லை. 1900இல் மீண்டும் தத்து. இம்முறை லட்சுமி பாய் தன் சொந்தச் சகோதரியின் பேத்திகளை எடுத்தார். அந்தச் சகோதரியின் கணவர் ஓவியர் ராஜா ரவிவர்மா. கிளிமானூர்க்காரர். குழந்தைகள் பிறக்கும்முன் லட்சுமி பாய் ராமேஸ்வரம் போய்ச் சேதுவில் வேண்டிக்கொண்டார் என்றும், அந்த நேர்த்தியால்தான் 1895இல் பிறந்தவளுக்குச் சேது லட்சுமி பாய் என்றும் 1896இல் பிறந்தவளுக்குச் சேது பார்வதி பாய் என்றும் பெயர் வந்தது என்றும் அந்தக் குடும்பத்தார் சொல்வார்கள். ஆண்பிள்ளை வேண்டி ராமேஸ்வரம் வந்த ராஜாக்கள் எத்தனையோ பேர். பேத்தி வேண்டி வந்த ராணியை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அடுத்த வருடமே லட்சுமி பாய் காலமானார். ஐந்து வயதுச் சேது லட்சுமி மூத்த ராணியானாள். 1912இல் பட்டத்து வாரிசைப் பெற்றவரோ இளையவரான சேது பார்வதி. குழந்தைக்குச் சித்திரைத் திருநாள் என்று பெயர். 1924 ஆகஸ்டில் மூலம் திருநாள் இறந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது நிறையவில்லை. யார் ரீஜன்ட்? வேறெந்த நாட்டிலும் தாய் என்பார்கள். இங்கே வழக்கம் வயதைப் பார்த்தது. ஏறக்குறைய ஒரு வருடமே மூத்தவரான பெரியம்மா சேது லட்சுமி பாய் ஆட்சிக்கு வந்தார். தாய் அரண்மனையின் மறுபக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாக வளர்ந்த இரு பெண்களுக்கு நடுவே இதனால் விழுந்த பிளவு கடைசிவரை ஆறவில்லை.

அப்போது வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பதவிக்கு வந்ததும் ரீஜன்ட் ராணி சத்தியாகிரகக் கைதிகளை விடுவித்தார். திருவனந்தபுரம் சிறையில் இரண்டாம் முறை அடைபட்டிருந்த பெரியாரும் அப்படித்தான் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு காந்தி வந்து ராணியைச் சந்தித்தார். அதே 1925இல்தான் நாயர் குடும்பச் சொத்தைத் தனித்தனியாகப் பாகம் பிரிக்கவும், தகப்பன் சொத்து மகனுக்குப் போகவும் வழிசெய்த சட்டம் வந்தது. மறுவருடம் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் அப்படியொரு சட்டம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள் வழி மான்மியம்’ எழுதியதே, கணவன் செத்ததும் மருமகன் வந்து மனைவி மக்களைத் தெருவில் நிறுத்திய கொடுமையைப் பார்த்துத்தான். நாட்டில் வீட்டுக்கு வீடு மருமக்கத்தாயம் உடைந்துகொண்டிருந்தது. அதை உடைத்த சட்டம் வந்தது, அதே மருமக்கத்தாயத்தால் அதிகாரத்துக்கு வந்த ஒரு பெண்ணின் ஆட்சியில். அரியணை மட்டும் விதிவிலக்காக நின்றது.

1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் முழு அதிகாரம் பெற்றார். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேது லட்சுமி பாய் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, 1985இல் அங்கேயே இறந்தார். 1971இல் மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிந்தபோது இந்தக் கதையும் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1991இல் சித்திரைத் திருநாள் இறந்ததும் மரபுப்படி அவர் தம்பி உத்திராடம் திருநாள் பத்மநாபதாசன் ஆனார். அரசரே இல்லாத நாட்டில் அரசருக்கு வாரிசு ஏது, ஆகவே கோயிலை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆட்சி போனாலும், கோயிலைப் பராமரிக்கும் உரிமை குடும்ப வழக்கப்படி அடுத்தவருக்கு இறங்கும் என்றது. இன்று அந்த இடத்தில் இருப்பவர் சித்திரைத் திருநாளின் தங்கை மகன்.

திருவிதாங்கூர் தன் பெண்வழியை இரண்டே பெண்களுக்குள் சுருக்கி வைத்துக்கொண்டு பெண் கிடைக்காமல் தவித்தது. பக்கத்துக் கொச்சியில் அதே மருமக்கத்தாயம் நேர்மாறான தொல்லையைக் கொடுத்தது. அங்கே கிளை கிளையாகப் பெருகிய பெரிய குடும்பத்தில் வயதில் மூத்த ஆண் யாரோ அவரே அரசர். கிழப்பருவத்தில்தான் பட்டம் வந்து சேரும். 1941 முதல் 1948 வரையிலான காலத்தில் மட்டும் நான்கு பேர் அரியணை ஏறினார்கள். திருப்பூணித்துறையின் அந்த வரிசை அடுத்த வாரம்.